கோமதியை எனக்குத் திருப்பித் தந்த தாய்

ஜில்லா கோர்ட்டு அமீனா எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னப்போ நான் உள் அறையில வெறுந்தரையில படுத்துக் கிடந்தேன். தமிழ் வருஷத்துல சாதாரணங்கிற வருஷம், தை மாசக் கடைசி. அதுக்கு மூணு மாசத்துக்கு முந்தி, ஐப்பசியில, ஆத்துல செவ்வெள்ளம் வந்து வடிஞ்ச கையோட ஊரெல்லாம் வாந்திபேதி பரவுச்சு. காலையில வயலுக்குப் போய்ட்டுத் திரும்பி வந்த என் வீட்டுக்காரர், விளக்கு வைக்கிற நேரத்துக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாங்க. அன்னைக்குப் படுத்தவதான் நான். எனக்கு அப்போ வயசு இருபத்தி நாலு.

அமீனா சத்தம் போட்டுக் கூப்பிட்டான். எந்திச்சுப் போகக்கூட எனக்குத் தெம்பில்லை. பக்கத்து வீட்டு ஆறுமுகம் அண்ணாச்சிதான் வந்து காகிதத்தை வாங்கிக் கதவோரமா நின்னு படிச்சாங்க. நெல்லு வியாபாரம் பண்ணுத மனுசர். சத்தமாப் பேசித்தான் அவுகளுக்குப் பழக்கம். அன்னைக்குக் குரல் இறங்கிப் போச்சு.

"சிவகாமி, உன் மூத்தார் கோர்ட்டுல மனுப் போட்டிருக்காவ. மைனர் கோமதியின் தாயார் புத்தி சுவாதீனம் இல்லாமலும், மைனரைப் பராமரிக்க யோக்கியதை இல்லாமலும் இருக்கிறபடியால், மைனருக்கும் அவள் சொத்துக்கும் தன்னைக் கார்டியனா நியமிக்கணும்னு எழுதியிருக்கு. பங்குனியில விசாரணையாம். நீ பாளையங்கோட்டைக்கு வரணும்."

கோமதி என் மக. ஒரே மக. அப்போ அவளுக்கு ஆறு வயசு.

மூத்தார்னா என் வீட்டுக்காரரோட அண்ணன். கங்கைகொண்டான்ல இருக்காங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் எப்பவோ பாகம் பிரிச்சு, இவுக தச்சநல்லூருக்கு வந்துட்டாங்க. மூத்தாருக்கும் அவுக சம்சாரம் வடிவக்காளுக்கும் பிள்ளை கிடையாது. கார்த்திகை பிறந்தப்போ ரெண்டு பேரும் வண்டி கட்டிக்கிட்டு வந்தாங்க. வடிவக்கா என் தலைமாட்டுல உட்கார்ந்து, "ஏளா சிவகாமி, நீ இப்படிக் கிடந்தா பிள்ளை என்ன ஆகும்? பத்து நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன். நீ தேறினதும் கொண்டாந்து விடுதேன்"னு சொன்னா. நான் தலையைக் கூடத் தூக்கலை. சரின்னு கைய அசைச்சேன். கோமதி வண்டியில ஏறினதை நான் பார்க்கலை. மாட்டுச் சலங்கைச் சத்தம்தான் கேட்டுது.

பத்து நாள் மூணு மாசம் ஆச்சு. பிள்ளை எங்கேன்னு நான் கேட்கலை. தாய்மாரே, இதை உங்ககிட்ட மறைக்காமச் சொல்லணும், அதுக்குத்தான் வந்திருக்கேன்.

அண்ணாச்சி காகிதத்தை மடிச்சு வச்சுட்டுப் போகாம நின்னாங்க. அப்புறம் சொன்னாங்க. "இன்னொன்னும் காதுல விழுந்துது. கார்டியன் ஆன கையோட, வைகாசியில கோமதிக்குக் கல்யாணமாம்."

"யாருக்கு?"

"வடிவம்மையோட அண்ணன் மகனுக்கு. மூத்த தாரம் செத்து ரெண்டு வருஷம் ஆச்சே, அவனுக்கு. முப்பது வயசு இருக்கும்."

அன்னைக்குத்தான் எந்திச்சேன். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு எந்திச்சேன். கிணத்தடிக்குப் போய்த் தலையில தண்ணிய ஊத்தினேன். ஊத்த ஊத்தத்தான் அழுகை வந்துது. புருஷன் செத்ததுக்கு அழுத அழுகை வேற. இது வேற.

புருஷன் போய் வருஷம் திரும்பாம வீட்டுப் படி தாண்டக்கூடாது, கோயிலுக்குப் போகக்கூடாதுன்னு எங்க சனத்துல ஒரு கட்டு உண்டு. நான் மறுநாள் விடியக் கிளம்பி, வெள்ளைச் சீலையை இழுத்துப் போர்த்திக்கிட்டு, தச்சநல்லூர்ல இருந்து திருநெல்வேலிக் கோயில் வரைக்கும் நடந்தேன். தெருவுல ஒருத்தி வாசல் தெளிச்சுக்கிட்டு இருந்தவ, என்னைக் கண்டதும் செம்பைக் கீழ வச்சுட்டு உள்ள போனா. நான் நிக்கலை.

காந்திமதி அம்மைக்கு முன்னாடி நின்னு நான் என்ன வேண்டினேன் தெரியுமா? இன்னைக்குச் சொல்ல வெட்கமா இருக்கு. "என் பிள்ளையப் பறிச்சவன் நாசமாப் போகணும். அவன் வீட்டுல விளக்கு அணையணும். அவன் பொண்டாட்டியும் என்னை மாதிரி முட்டாக்குப் போட்டு மூலையில உட்காரணும்"னு வேண்டினேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு வேண்டினேன். வேண்டிட்டு வெளிய வந்தா மனசு பாறாங்கல்லு மாதிரி இருந்துது. போகும்போது இருந்த பாரத்தை விடக் கூடுதல் பாரம்.

ஆனாலும் விடலை. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள், விடியக் காலம் போய்க் கும்பிடுதேன்னு நேர்ந்துக்கிட்டேன். தினமும் நடந்தேன். முதல் வாரம் பாதி வழியில உட்கார்ந்து உட்கார்ந்து போனேன். அப்புறம் காலு தேறுச்சு. பசி எடுக்க ஆரம்பிச்சுது. வந்து உலை வச்சுச் சாப்பிட்டேன். வயல்ல அறுப்பு நடந்துக்கிட்டு இருந்துது. அண்ணாச்சி சம்சாரத்தைத் துணைக்குக் கூட்டிக்கிட்டுக் களத்துக்குப் போய் நின்னேன். அறுப்புக்கு வந்த பொம்பளைங்க அருவாளை நிறுத்திட்டு என்னையே பார்த்தாங்க. "வேலையப் பாருங்க"ன்னேன். என் குரலைக் கேட்டு எனக்கே ஆச்சரியமா இருந்துது.

இருபதாம் நாளோ இருபத்தோராம் நாளோ இருக்கும். நான் போனப்போ அம்மைக்குத் திரை போட்டிருந்தது. உள்ள அலங்காரம் நடக்குது. நிக்கணும். நிக்கிறப்போ வாய் வழக்கம் போல அந்தச் சாபத்தைத்தான் முணுமுணுத்துது. அம்மையோட முகம் தெரியலை, வெறும் துணிதான் தெரியுது. அந்தத் துணிக்கு முன்னாடி நான் சொல்லுத சாபம் என் காதுக்கே திரும்பி விழுந்துது. வாய் நின்னு போச்சு. அந்த அமைதியில வாய்க்கால் ஞாபகத்துக்கு வந்துது.

இதை அதுவரைக்கும் நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை. ஐப்பசிக் கடைசியில, அவுக போய்ப் பத்துப் பன்னெண்டு நாள் இருக்கும், கோமதி பசிக்குதுன்னு என்னை உலுக்கி உலுக்கிப் பார்த்திருக்கா. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். அது என்ன நினைச்சுதோ, செம்பைத் தூக்கிக்கிட்டுத் தனியா வாய்க்காலுக்குப் போயிருக்கு. மழைத் தண்ணி கரை தொட்டு ஓடுது. படித்துறையில வழுக்கி விழுந்துட்டுது. துணி துவைச்சுக்கிட்டு இருந்த ஒரு பொம்பளை பாய்ஞ்சு தலைமுடியைப் பிடிச்சு இழுத்திருக்கா. இல்லைன்னா பிள்ளை இல்லை. அவ கோமதியைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்து என் பக்கத்துல கிடத்தி, "பெத்தவளா நீ?"ன்னு ஒரு வார்த்தை கேட்டா. நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

அந்தத் திரைக்கு முன்னாடி, நாலு பேர் பார்க்க, தரையில உட்கார்ந்தேன். "தாயே, மூத்தார் எழுதினது பொய் இல்லை. பிள்ளைய விட்டது நான்தான். அவுக பறிக்கிறதுக்கு முன்னாடியே நான் கைய விட்டுட்டேன். என்னை மன்னிச்சுக்கோ"ன்னேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. திரை விலகி, தீபம் காட்டினாங்க. அம்மை முகத்தைப் பார்த்தேன். அன்னைக்கு நான் கேட்டது இது: "கோமதிக்கு எது நல்லதோ அதைச் செய். அந்தக் கல்யாணத்தைத் தடுத்துடு. அவளை என்கிட்டத் தந்தேன்னா இனிமே படுக்க மாட்டேன். வடிவக்கா அவளைச் சோறு ஊட்டி வச்சிருக்கா. அவ மனசையும் கலங்க விடாதே."

கடைசி வாக்கியத்தை நான் யோசிச்சுச் சொல்லலை. வாயில தானா வந்துது. அன்னையில இருந்து சாபம் போடலை. போட வரலை. வீட்டுக்குத் திரும்பும்போது வழியெல்லாம் வெயில் அடிச்சுது, எனக்கு உறைக்கவே இல்லை.

அண்ணாச்சி பாளையங்கோட்டையில ஒரு வக்கீலைப் பார்த்து வச்சிருந்தாங்க. நல்ல மனுசர். நான் போய்க் கதவுக்குப் பின்னால நின்னு எல்லாத்தையும் சொன்னேன். வாய்க்கால் கதை வரைக்கும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழ வச்சுட்டார்.

"அம்மா, இந்த வாய்க்கால் விஷயம் எதிர்த் தரப்புக்குத் தெரியுமா?"

"தெரியும். வடிவக்கா அங்கன வந்தப்போ யாரோ சொல்லியிருக்காவ."

"அவங்க கேட்பாங்க. நீங்க அப்படி ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லிடுங்க. இழுத்துப் போட்ட பொம்பளையை அவங்க கொண்டு வரப்போறதில்லை. சட்டப்படி, தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாய்தான் கார்டியன். தாய்க்கு யோக்கியதை இல்லைன்னு அவங்கதான் ருசுப்படுத்தணும். இதை ஒத்துக்கிட்டா நாமளே அவங்களுக்கு ருசுவை எடுத்துக் குடுத்த மாதிரி ஆகும்."

வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் யோசிச்சேன். பயமாத்தான் இருந்துது. பொய் சொன்னாப் பிள்ளை கிடைக்கும், உண்மையச் சொன்னாப் பிள்ளை போயிடும்னு படிச்சவரே சொல்லுதாரு. ஆனா கோயில்ல அம்மைக்கு முன்னாடி ஒத்துக்கிட்டதைக் கோர்ட்டுல இல்லைன்னு சொன்னா, அப்புறம் நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு மறுநாள் அங்கன போய் நிப்பேன்? நாப்பத்தெட்டாம் நாள் போய், "நான் உண்மையச் சொல்லப் போறேன். மத்தது உன் பாடு"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதுக்கு மேல பயம் வரலை. நல்லாத் தூங்கினேன்.

பங்குனி மாசம் விசாரணை. அண்ணாச்சியும் அவுக சம்சாரமும் வண்டியில கூட வந்தாங்க. ஆத்துப் பாலத்துல வண்டி போகும்போது கீழ மணல் திட்டா தண்ணி ஒடுங்கி ஓடுச்சு. பிள்ளைகள் குளிச்சுக்கிட்டு இருந்துது. நான் அந்தப் பக்கம் பார்க்கலை.

கோர்ட்டு வளாகத்துல ஒரு வேப்பமரத்து அடியில மூத்தார் வண்டி நின்னுது. பிள்ளையையும் ஆஜர் படுத்தணும்னு ஜட்ஜ் துரை உத்தரவு. வடிவக்கா இல்லாம வரமாட்டேன்னு கோமதி அழுததாலே அக்காவும் வந்திருந்தா. வண்டிக்குள்ள இருந்து கோமதி எட்டிப் பார்த்தா. பட்டுப்பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வச்சு, கன்னம் உப்பி இருந்தா. என்னை உத்துப் பார்த்தா. வெள்ளைச் சீலையில அவளுக்கு என்னை அடையாளம் தெரியலைன்னு நினைக்கேன். நான் கூப்பிட வாயெடுத்தேன். அண்ணாச்சி பைய, "இப்போ வேண்டாம் தாயீ"ன்னாங்க.

ஜட்ஜ் வெள்ளைக்காரத் துரை. வயசானவர். பக்கத்துல மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு குமாஸ்தா. முதல்ல மூத்தார் கூண்டுல ஏறினாங்க. நிதானமாத்தான் பேசினாங்க. "தம்பி போனதும் இந்தப் பொம்பளை சோறு தண்ணி இல்லாமப் படுத்துட்டா. பிள்ளை அனாதை மாதிரி அலைஞ்சுது. ஒத்தைப் பொம்பளை வயலையும் பார்த்துப் பிள்ளையையும் எப்படி வளர்ப்பா? என் தம்பி ரத்தம் அது. நான் பார்க்காம யார் பார்ப்பா?" இப்ப நினைச்சுப் பார்த்தா, அவுக அதை முழுசா நம்பித்தான் சொன்னாங்க. கல்யாணப் பேச்சைப் பத்தி மட்டும் வாயைத் திறக்கலை.

அடுத்தாப்புல என்னைக் கூப்பிட்டாங்க. அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவுல நான் ஏறினதும் ஒரு சலசலப்பு. முக்காட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கிட்டேன். மறைச்சுக்கிட்டுப் பேசப் பிடிக்கலை.

எதிர்த் தரப்பு வக்கீல் நேரா அங்கதான் வந்தார். "ஐப்பசி மாசம் உன் மகள் தனியா வாய்க்காலுக்குப் போய்த் தண்ணியில விழுந்தாளா, இல்லையா?"

எங்க வக்கீல் என்னைப் பார்த்தார்.

"விழுந்தா"ன்னேன்.

"அப்போ நீ எங்க இருந்தே?"

"வீட்டுல படுத்துக் கிடந்தேன். பசிக்குதுன்னு எழுப்பினா. நான் எந்திக்கலை. அதான் போனா. ஒரு பொம்பளை காப்பாத்தினா."

எங்க வக்கீல் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். குமாஸ்தா இங்கிலீஷ்ல சொன்னதும் துரை எழுதுறதை நிறுத்திட்டு என்னைப் பார்த்தார். அவரே கேட்டார். குமாஸ்தா தமிழ்ல சொன்னார்: "இதை ஒத்துக்கிட்டா உன் பக்கம் தோத்துப் போகலாம்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும், துரை. ஆனா நடந்தது அதுதான். மூணு மாசம் நான் தாயா இருக்கலை. தை மாசம் எந்திச்சேன். அன்னையில இருந்து ஒரு நாள் கூடப் பகல்ல படுக்கலை. வயல் அறுப்பு நானே நின்னு பார்த்தேன். வேணும்னா ஊர்ல கேட்டுக்கோங்க. என் பிள்ளைய இதுவரைக்கும் பட்டினி போடாம வச்சிருந்தது என் ஓரகத்திதான். அதையும் எழுதிக்கோங்க."

இதைச் சொல்லிட்டுத் திரும்பினேன். வாசல் பக்கம் வடிவக்கா கோமதி கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. எப்ப வந்தாளோ. சீலைத் தலைப்பை வாயில வச்சு அழுத்திக்கிட்டு இருந்தா.

துரை மூத்தாரைப் பார்த்து, "குழந்தையை வீட்டுல கவனிக்கிறது யார்?"னு கேட்டார். "என் சம்சாரம்"னு அவுக சொன்னாங்க. "அவங்களைக் கூப்பிடுங்க"ன்னு சொல்லிட்டார். மூத்தார் வக்கீல் எந்திச்சு, வெளி ஆம்பளைகள் முன்னாடி வராத கோஷா ஸ்திரீ, சாட்சிப் பட்டியல்ல பேர் இல்லைன்னு என்னவோ சொன்னார். துரை கேட்கலை.

வடிவக்கா கூண்டுல ஏறி நின்னா. மூத்தார் அவளையே பார்த்துக்கிட்டு இருக்காங்க. துரை சாதாரணமாத்தான் கேட்டார், பிள்ளை என்ன சாப்பிடும், எங்க படுக்கும், சீக்கு வந்தா என்ன செய்வேன்னு. அவ ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னா. கடைசியா, "இந்தக் குழந்தை உன் வீட்டிலேயே இருக்கணும்னு நீ விரும்புறியா?"ன்னு கேட்டார்.

குமாஸ்தா ரெண்டு தரம் கேட்டார். அப்புறம் சொன்னா.

"எனக்கு ஆசைதான் சாமி. பதினாலு வருஷமா என் வீட்டுல பிள்ளைச் சத்தம் கிடையாது. இவ வந்துதான் கேட்டேன். ஆனா என்கிட்ட இருந்தா வைகாசியில இவளுக்குத் தாலி கட்டிருவாவ. எல்லாம் பேசி முடிச்சாச்சு. மாப்பிள்ளை என் அண்ணன் மகன்தான். அவன் மூத்த பொண்டாட்டி பட்ட பாட்டை நான் கண்ணால பார்த்தவ. அடிபட்ட உடம்போட என் மடியிலதான் செத்தா. இவளை நான் அங்கன அனுப்ப மாட்டேன். இவளை இவ அம்மைகிட்டயே குடுத்துருங்க."

மூத்தார் எந்திச்சு, "வடிவு!"ன்னு ஒரு சத்தம் போட்டாங்க. டவாலிச் சேவகன் அவுகளை உட்கார வச்சான். வடிவக்கா திரும்பிப் பார்க்கலை.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. நான் எந்த வீட்டுல விளக்கு அணையணும்னு வேண்டினேனோ, அந்த வீட்டு மனுஷி வாயில இருந்து எனக்கு நியாயம் வந்துது. அந்தச் சாபம் பலிச்சிருந்தா இவ அன்னைக்கு அங்க நின்னு பேசியிருப்பாளா? அம்மை நான் முதல்ல கேட்டதைத் தரலை. தராம என்னைக் காப்பாத்தினா.

துரை அதுக்கப்புறம் கோமதியைத் தன் அறைக்குக் கூட்டிட்டு வரச் சொன்னார். குமாஸ்தா மட்டும் கூடப் போனார். கொஞ்ச நேரத்துல மூணு பேரும் வெளிய வந்தாங்க. துரை உட்கார்ந்து, குமாஸ்தாவைப் பார்த்து, குழந்தைகிட்டக் கேட்டதைப் பதிவுல எழுதணும், சொல்லுன்னார். குமாஸ்தா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டார்.

"யார்கிட்ட இருக்க ஆசைன்னு குழந்தையைக் கேட்டோம். அது பதில் சொல்லலை. 'அம்மை எந்திச்சுட்டாளா?'ன்னு கேட்டுது. எந்திச்சுட்டா, வெளிய நிக்கிறான்னு சொன்னோம். 'அப்போ நான் வீட்டுக்குப் போறேன்'னு சொல்லிட்டுது."

இதுக்கு மேல அங்க நடந்ததை என்னால கோர்வையாச் சொல்ல முடியாது. மத்தியானத்துக்கு மேல உத்தரவு ஆச்சு. எங்க வக்கீல் எனக்குப் புரியுற மாதிரி சொன்னார். தாய் தன் குறையைத் தானே ஒத்துக்கிட்டதும், அதைத் திருத்திக்கிட்டதுமே அவளுக்கு யோக்கியதை உண்டுன்னு காட்டுது, தாயே கார்டியன், கோர்ட்டு அனுமதி இல்லாம மைனருக்கு யாரும் கல்யாணம் பண்ணக் கூடாது. இவ்வளவுதான். வக்கீல் என்கிட்ட, "நான் சொன்னதைக் கேட்டிருந்தீங்கன்னா இன்னைக்கு இது நடந்திருக்காதும்மா"ன்னார்.

வேப்பமரத்தடிக்கு நான் போனப்போ மூத்தார் வண்டி கிளம்பிப் போயிருந்தது. வடிவக்கா மட்டும் மரத்தடியில நின்னா. கோமதி அவ இடுப்புல இருந்தா. "சாட்சி சொன்ன வீட்டுக்கே போ"ன்னு மூத்தார் சொல்லிட்டுப் போயிட்டாங்களாம். கட்டின சீலையோட விட்டுட்டுப் போயிட்டாங்க.

கோமதி என் கிட்ட வந்தா. என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தா. பொட்டு இல்லாத நெத்தியைத் தொட்டா. அப்புறம், "பெரியம்மையும் நம்ம வண்டியில வருவாளா?"ன்னு கேட்டா.

நான் வடிவக்கா கையைப் பிடிச்சேன். "ஏறுங்கக்கா"ன்னேன்.

"எந்த முகத்தோட வருவேன் சிவகாமி? பிள்ளைய நாலு மாசம் உன் கண்ணுல காட்டாம வச்சிருந்தேனே."

"நான் எந்த முகத்தோட கோர்ட்டுக்கு வந்தேன்? ஏறுங்க."

ஒன்றரை வருஷம் அவ எங்க வீட்டுல இருந்தா. நான் வயலைப் பார்த்தேன், அவ வீட்டைப் பார்த்தா. ரெண்டு பேருமாப் பிள்ளையப் பார்த்தோம். ஊர் பேசுச்சு. புருஷன் இல்லாதவளும் புருஷன் தள்ளினவளும் ஒரே கூரையில இருக்காளுகன்னு சிரிச்சாங்க. கொஞ்ச நாள்ல அவங்களுக்கே சலிச்சுப் போச்சு.

மூத்தாருக்காகவும் நாங்க ரெண்டு பேரும் வேண்டிக்கிட்டோம். நம்புவீங்களோ மாட்டீங்களோ, முதல்ல வாயில வராத பேரு, வாரம் போகப் போகச் சுலபமா வந்துது. பரிதாபி வருஷம் ஆவணியில ஒரு நாள் அவுக வந்து வாசல்ல நின்னாங்க. மெலிஞ்சு போயிருந்தாங்க. வடிவக்காளோட அந்த அண்ணன் மகன் ரெண்டாவதா இன்னொரு பெண்ணைக் கட்டி, அவளையும் அடிச்சு விரட்டி, ஊர்ப் பஞ்சாயத்து வரைக்கும் போய்ச் சந்தி சிரிச்சுப் போச்சாம். எங்க வழக்கப்படி மூத்தார் தம்பி பொண்டாட்டிகிட்ட நேருக்கு நேர் பேசமாட்டாங்க. அன்னைக்குச் சுவரைப் பார்த்துக்கிட்டுச் சொன்னாங்க, "கோமதி அங்கன போயிருந்தா, என் தம்பி மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?" அவ்வளவுதான் சொன்னாங்க. கோமதி உள்ள இருந்து ஓடிப் போய், "பெரியப்பா"ன்னு காலைக் கட்டிக்கிட்டா. வடிவக்கா உடனே போகலை. கோமதி லீவு நாளெல்லாம் கங்கைகொண்டானுக்கு வரணும், அவ கல்யாண விஷயத்துல சிவகாமி சொல்லுததுதான் முடிவுன்னு ரெண்டு வாக்கு வாங்கிக்கிட்டுத்தான் வண்டி ஏறினா. இன்னைக்கு வரைக்கும் ரெண்டு வாக்கையும் அவுக மீறலை.

கோமதிக்கு இப்போ பதினாலு வயசு நடக்குது. பாளையங்கோட்டையில பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துல படிக்கா. போன மாசம் நல்ல இடத்துல இருந்து ஒரு சம்பந்தம் வந்துது. மூத்தாரே கூட்டிக்கிட்டு வந்தாங்க. வந்தவங்களை உட்கார வச்சுட்டு என்கிட்டக் கேட்டாங்க, நான் கோமதியைக் கேட்டேன். "படிப்பு முடியட்டும்மா"ன்னா. அதைத்தான் வந்தவங்ககிட்டச் சொன்னோம். அவங்க காப்பி குடிச்சுட்டுச் சந்தோஷமாப் போனாங்க.

கூடியிருக்கிற தாய்மாரே, உங்கள்ல எத்தனை பேருக்கு என்னென்ன வழக்கு இருக்கோ எனக்குத் தெரியாது. சில வழக்கு கோர்ட்டுல நடக்கும், சிலது அடுக்களையில நடக்கும். பிள்ளைய விட்டுப் பிரிஞ்சு நிக்கிறவங்க இருக்கலாம். பிள்ளை பக்கத்துலயே இருந்தும் கைய விட்டவங்களும் இருக்கலாம், நான் இருந்தேனே. அம்மைகிட்டப் போங்க. எதிராளி செஞ்சதை எல்லாம் சொல்லுங்க, அவ கேட்டுக்குவா. நீங்க செஞ்சதையும் சேர்த்துச் சொல்லுங்க. அதைச் சொல்லுத அன்னைக்குத்தான் எனக்குக் காலு நிலைச்சுது. என்ன பதில் வரும், யார் வாய் வழியா வரும்னு நீங்க தீர்மானிக்காதீங்க. வரும். எனக்கு அதுல துளிச் சந்தேகம் கிடையாது.

வருஷம் திரும்பலை, எப்படிக் கோயிலுக்குப் போறதுன்னு வீட்டுக்குள்ள கிடக்கிறவ யாராவது உங்க தெருவுல இருந்தா, இதை அவகிட்டச் சொல்லுங்க. தனியா வரப் பயமா இருந்தா தச்சநல்லூர்ல என் வீட்டைக் கேட்டு வரச் சொல்லுங்க. விடிய நடை திறக்கும்போது நான் அவ கூட வந்து நிக்கேன்.